விறகு அடுப்பு புகைகிறதா, அணைகிறதா? இடிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம், வைகைத் தண்ணீரில் நெல்லும் தென்னையும் விளைகிற ஊர். வீட்டில் கேஸ் இருக்கிறது, காபிக்கும் அவசரத்துக்கும் அதுதான், ஆனால் சோறு, கறிக்குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் இன்னும் விறகு அடுப்பில்தான், ஏனென்றால் மட்டையும் பாளையும் சிரட்டையும் தோப்பில் சும்மா கிடக்கின்றன. தெருவில் யார் வீட்டு அடுப்பு மக்கர் செய்தாலும் "மதினி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அடுப்பில் கோளாறு இருக்காது. விறகில் ஈரம் இருக்கும், இல்லையென்றால் காற்று போக வழி இருக்காது, அதுவும் இல்லையென்றால் புகைபோக்கி அடைத்திருக்கும். இந்த வரிசையிலேயே பாருங்கள்: விறகு, காற்று, புகைபோக்கி, கடைசியில்தான் அடுப்பு. கடப்பாரையை அதுவரை தொட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். விறகு அப்படியே எரிவதில்லை. சூடு ஏறினதும் விறகுக்குள்ளிருந்து ஆவி கிளம்புகிறது, அந்த ஆவிதான் தீயாக எரிகிறது, அது போன பிறகு மிச்சம் இருப்பது கங்கு. ஆவி எரியாமல் தப்பினால் அதுதான் புகை. அதாவது உங்கள் கண்ணை எரிக்கிற புகை, நீங்கள் சுமந்து வந்த விறகுதான், வெந்நீருக்கும் சோற்றுக்கும் ஆகாமல் வீணாகப் போகிறது.

தலைவலி, மயக்கம், புகைபோக்கிக் குழாயில் உறுமல் சத்தம், இந்த மூன்றில் எது இருந்தாலும் மற்றதைப் படிக்காமல் நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள்.

தீ பிடிக்கவே இல்லை, பிடித்தாலும் அணைந்துபோகிறது

விறகு ஈரம். வேறு எதையும் யோசிக்கும் முன் இதைத் தீர்த்துவிடுங்கள். இப்போது வெட்டின பச்சை மரத்தில் எடையில் 40, 50 சதவீதம் தண்ணீர்தான் இருக்கும். அப்படி ஒரு கிலோ விறகை அடுப்பில் தள்ளினால், தீ முதலில் அதிலுள்ள அரை லிட்டருக்கு நெருக்கமான தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி வெளியே அனுப்பிவிட்டுத்தான் உங்கள் பானைப் பக்கம் திரும்பும். நன்றாகக் காய்ந்த விறகில் தண்ணீர் 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். "டக்" என்று கணீர்ச் சத்தம் வந்தால் காய்ந்தது, "மொத்" என்று வந்தால் இன்னும் ஆகவில்லை. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை கீறல் விட்டிருக்க வேண்டும், பட்டை தானாகக் கழன்று வர வேண்டும். இன்னும் சந்தேகமா, ஒரு கட்டையில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு வாரம் ஒரு தடவை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் புது விறகு வந்தால் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறேன், இதில் ஏமாற வழியே இல்லை.

மதுரை வெயில் பொல்லாதது என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிறோம், விறகுக்கு அது வரம். மாசியில் வெட்டி, முழுக் கட்டையாக விடாமல் பிளந்து போட்டால் ஆடி பிறப்பதற்குள் மணிக்கட்டுக் கனமுள்ளதெல்லாம் காய்ந்துவிடும். பிளக்காத கட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும், ஏனென்றால் பட்டை தண்ணீரை வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அடுக்கும்போது தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரம் தூக்கி அடுக்குங்கள், தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள். நாலு பக்கமும் இழுத்து மூடிக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் அந்த அடுக்கிலிருந்து விறகு எடுக்கும்போது முதலில் ஒரு கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும், பாம்பும் இருக்கலாம்.

என்ன மரம் என்பதும் முக்கியம். சீமைக்கருவேலம் வயலுக்கும் கண்மாய்க்கும் எவ்வளவு கெடுதலோ அடுப்புக்கு அவ்வளவு நல்லது, கனமான மரம், நின்று எரியும், நல்ல கங்கு விடும். புளியும் அப்படித்தான். முருங்கையும் கல்யாண முருங்கையும் பஞ்சு மாதிரி, வைத்த சுவடு தெரியாமல் போய்விடும். தென்னை மட்டையும் பருத்தி மாரும் பற்றவைக்கவும் அவசரச் சூட்டுக்கும் சரி, அதை மட்டும் நம்பி உலை வைத்தால் அடுப்படியை விட்டு எழுந்திருக்க முடியாது. அரளிக் குச்சியை மட்டும் எந்தக் காலத்திலும் வைக்காதீர்கள். பூ மார்க்கெட்டுக்கு அரளி போடுகிற தோட்டங்களில் கவாத்து செய்த குச்சி கட்டுக்கட்டாகக் கிடக்கும், சும்மா எடுத்துப் போகலாம் என்று தோன்றும், ஆனால் அந்தச் செடி வேர் முதல் பூ வரை நஞ்சு, அதன் புகையும் நஞ்சு. பெயிண்ட் அடித்த கதவுப் பலகை, பிளைவுட், பாலித்தீன் பை இவையும் அப்படியே. பால் கவரைக் கொளுத்தி அடுப்பு பற்றவைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், சிரட்டைத் துண்டு இரண்டும் காய்ந்த பாளையும் அதைவிட நன்றாகப் பிடிக்கும். கங்கு கிடக்கிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. ஆவியாகிக் குப்பென்று பிடித்து முகத்துக்கே வரும்.

விறகு நன்றாகக் காய்ந்திருந்தும் அணைகிறதா, அப்படியென்றால் காற்று இல்லை. சாம்பலைப் பாருங்கள். கம்பித் தட்டு வைத்த அடுப்பென்றால் அடியில் சாம்பல் நிரம்பி மூச்சை அடைத்திருக்கும், முழுவதும் வாரிவிடுங்கள். தட்டில்லாத மண் அடுப்பென்றால் ஒரு விரல் கனம் சாம்பலை விட்டுவிட்டு வாருங்கள், அது கங்கின் சூட்டைக் காக்கும். விறகை அடுப்பு வாய் கொள்ளும் மட்டும் திணிப்பது அடுத்த தப்பு. வாயில் மேல் பாதி விறகுக்கென்றால் கீழ்ப்பாதி காற்றுக்கு. ஊதாங்குழலைத் தீயைப் பார்த்து ஊதாதீர்கள், கங்கைப் பார்த்து, அதுவும் அடியில் ஊதுங்கள், மூச்சு இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது

இதற்குத்தான் அதிகம் கூப்பிடுவார்கள். புகைபோக்கி வைத்த இரட்டை அடுப்புக்கு இது. மத்திய அரசு 1983-இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் இந்த மாதிரி அடுப்புகள் ஊர் ஊராகப் போட்டார்கள், திட்டம் 2002-இல் முடிந்துபோனது. போட்டதோடு சரி, குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது பல வீடுகளில் யாருக்கும் மனசில் பதியவில்லை.

எப்போது புகைகிறது என்று முதலில் கவனியுங்கள். அதில்தான் விடை இருக்கிறது.

காலையில் பற்றவைக்கும்போது மட்டும் புகைந்து, கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறதா? குழாய் குளிர்ந்து கிடக்கிறது. சூடான புகை லேசாக இருப்பதால்தான் மேலே ஏறுகிறது. குழாய்க்குள் இரவெல்லாம் குளிர்ந்த காற்று உட்கார்ந்திருந்தால் அது கீழ்நோக்கி அழுத்தும். விறகைப் பற்றவைக்கும் முன், கொடியடுப்பு (விறகு வைக்காத, முதல் அடுப்பின் மிச்சச் சூட்டில் வேலை செய்கிற இரண்டாவது அடுப்பு) வாய் வழியாக, குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு கைப்பிடி காய்ந்த ஓலையைக் கொளுத்திக் காட்டுங்கள். இரண்டு நிமிஷத்தில் குழாய் இழுக்க ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் இது இல்லாமல் எங்கள் வீட்டு அடுப்பு பற்றாது.

எப்போதும் புகைகிறதா? ஊதுபத்தியை ஏற்றி அடுப்பு வாயருகில் பிடியுங்கள். பத்திப் புகை உள்ளே இழுபட்டால் குழாய் வேலை செய்கிறது, வெளியே தள்ளினாலோ அசையாமல் நின்றாலோ அடைப்பு. ஜன்னலைத் திறந்து இன்னொரு தடவை பிடியுங்கள். திறந்ததும் இழுக்கிறதென்றால் குழாயில் குறையே இல்லை, அறைக்குள் காற்று வர வழியில்லாததுதான் குறை. எக்ஸாஸ்ட் ஃபேன் புதிதாக மாட்டின வீடுகளில் இது ரொம்ப நடக்கிறது. ஃபேன் அறைக் காற்றை வெளியே தள்ளும், அந்தக் காலி இடத்தை நிரப்பக் காற்று புகைபோக்கி வழியாகத்தான் இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு வரும். ஃபேன் போட்டால் ஜன்னலையும் திறக்க வேண்டும்.

காற்றடிக்கும்போது மட்டும் புகைகிறதா? எங்கள் வீட்டிலேயே ஒரு ஆடி மாதம், காலையில் அருமையாக எரிந்த அடுப்பு பத்து மணிக்கு மேல்காற்று கிளம்பினதும் வீட்டையே நிறைத்துவிடும். குழாயைக் கழற்றித் தட்டினேன், அடுப்பைச் சுரண்டினேன், விறகை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மாடியில் நின்று ஒரு நாள் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பக்கத்து வீட்டில் அந்த வருஷம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஏற்றியிருந்தார்கள், மேல்காற்று அதில் மோதிச் சுருண்டு எங்கள் குழாய் வாயில் இறங்கியது. குழாயை மூன்று அடி உயர்த்தி, மேலே தொப்பி வைத்ததும் நின்றுவிட்டது. கணக்கு இதுதான்: குழாய் கூரையைத் தாண்டி வெளிவருகிற இடத்திலிருந்து மூன்று அடியாவது நிற்க வேண்டும், சுற்றிப் பத்து அடிக்குள் இருக்கிற சுவர், தொட்டி, கூரை முகடு எதுவானாலும் அதைவிட இரண்டு அடி உயரமாகவும் இருக்க வேண்டும்.

பானையைச் சுற்றிப் புகைகிறதா? இதை எங்கள் அப்பத்தா வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். புகைபோக்கி அடுப்பு போட்ட மறுவாரமே அப்பத்தா, "குமிழ் இல்லாம என்னத்தா அடுப்பு, மொட்டையா கெடக்கு" என்று பானையைத் தாங்க அடுப்பு வாயைச் சுற்றி அழகாக மூன்று மண் குமிழ் பிடித்து வைத்துவிட்டது. அன்றிலிருந்து புகை. சாதா மண் அடுப்பில் குமிழ் கட்டாயம் வேண்டும், பானைக்கும் அடுப்புக்கும் நடுவே அந்த இடைவெளி வழியாகத்தான் தீயும் புகையும் வெளியேறும், குமிழ் தேய்ந்தால் தீ மூச்சடைத்துப்போகும். புகைபோக்கி அடுப்பிலோ புகை குழாய் வழியாகத்தான் போக வேண்டும், பானை வாயோடு ஒட்டி உட்கார வேண்டும். அங்கே குமிழ் வைத்தால் புகை பக்கத்து வழியைத்தான் பிடிக்கும். இரண்டு அடுப்புக்கும் இந்த இடத்தில் நேர் எதிரான விதி. சின்னச் சட்டி வைக்க வேண்டுமென்றால் அளவான வளையம் போட்டு இடைவெளியை மூடுங்கள், கொடியடுப்பில் எதுவும் வைக்கவில்லையென்றால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மூடுங்கள், வெந்நீரும் ஆச்சு.

கொடியடுப்பு சூடாகவே இல்லை

முதல் அடுப்பிலிருந்து கொடியடுப்புக்குப் போகிற வழியில் சாம்பல் அடைத்திருக்கும். வளைந்த கரண்டியை விட்டு வாருங்கள். அடைப்பில்லையென்றால், அங்கே சின்னப் பாத்திரத்தையும் சீக்கிரம் வேகிறதையும் வைத்துப் பழகுங்கள், அதற்கு வருவது மிச்சச் சூடுதான்.

தீ வாய்ப்பக்கம் வருகிறது, அல்லது விறகு மளமளவென்று தீர்கிறது

தீ முன்னால் வந்தால் வாய் நிறைய விறகு திணித்திருக்கிறீர்கள், அல்லது பின்வழி அடைத்திருக்கிறது. உடனே இரண்டு கட்டையை வெளியே இழுங்கள். சேலைத் தலைப்பையும் துண்டையும் இழுத்துச் செருகிக்கொண்டுதான் அடுப்பு முன் உட்கார வேண்டும்.

விறகு தீர்கிறது, சோறு வேகவில்லை என்றால் குழாய் அளவுக்கு மேல் இழுக்கிறது. உலை கொதித்ததும் தீயைக் குறைக்காமல் விடுவதும் காரணம். கொதி வந்த தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் ஏறாது, நீங்கள் எத்தனை கட்டை தள்ளினாலும் ஆவிதான் கூடும். மூடி போட்டு, ஒரு கட்டையை இழுத்துவிட்டுக் கங்கில் விடுங்கள். வாய்க்கு முன்னால் ஒரு செங்கல்லை நகர்த்தி நகர்த்தி வைத்தும் காற்றைக் குறைக்கலாம்.

பாத்திரத்தில் கெட்டிக் கரி, குழாய் மூட்டில் கறுப்புப் பிசின் ஒழுகுகிறது

ஈர விறகோடும் மந்தத் தீயோடும் வருகிற வியாதி இது. எரியாத ஆவி குழாயில் ஏறும்போது, சுவர் சுமார் 120 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருந்தால் அங்கேயே பிசினாகப் படியும். பாத்திரக் கரிக்கு எளிய வழி, ஏற்றும் முன் அடியில் குழைத்த சாம்பலோ மண்ணோ பூசுவது, கழுவும்போது அப்படியே வந்துவிடும். குழாய்ப் பிசினை அப்படி விட முடியாது, ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். நாலு அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் படிந்தால் மூன்று அங்குலம் மிஞ்சும், கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் புகை போகிற பரப்பு பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே.

தினம் எரிக்கிற வீட்டில் மாதம் ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். முந்தின நாளே அடுப்பு அணைந்து ஆறியிருக்க வேண்டும். நீளக் கயிற்றின் நடுவில் பழைய கோணிச்சாக்கைச் சுருட்டிக் கட்டி, அடியில் ஒரு கல், மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று ஏற்றி இறக்குங்கள். அடுப்பு வாய்களை ஈரச்சாக்கால் மூடிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். பழைய திட்டத்து வீடுகளில் குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கும். அதை அறுக்கவோ துளைக்கவோ உரசவோ செய்யாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. மாற்றுவதானால் முழுசாகக் கழற்றி இரும்புக் குழாய் போடுங்கள், கூரை ஓலையானால் குழாய்க்கும் ஓலைக்கும் ஒன்றரை அடியாவது விலகல் வேண்டும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்

வெளியே வாருங்கள். அடுப்பைப் பிறகு பார்க்கலாம். புகை கண்ணுக்குத் தெரியும், ஆனால் அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். புகையே இல்லாமல் சிவக்கச் சிவக்கக் கிடக்கிற கங்குதான் இதில் ஆபத்து. மழைக் குளிருக்கும் பிள்ளை பெற்ற அறைக்கும் கும்மட்டியில் கங்கு எடுத்து வைத்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் இன்னும் நம் பக்கம் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம், தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காய்ச்சல் என்று நினைக்காதீர்கள். எல்லாரையும் காற்றாட வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள்ளே விறகு, கரி மாதிரி எரிபொருள் புகையால் 2020-இல் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கு சொல்கிறது. அடுப்படியில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்கள் இடுப்பிலிருக்கிற பிள்ளைகளும்தான் அதில் முதலில் வருகிறவர்கள். அதனால்தான் "கொஞ்சம் புகைதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

குழாய்க்குள் பஸ் போகிற மாதிரி உறுமல்

பிசின் பற்றிக்கொண்டது. அடுப்பு வாய்களைத் தட்டு, செங்கல், ஈர மண் எது கிடைக்கிறதோ அதால் அடையுங்கள், காற்று நின்றால் தீ தளரும். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு 101-க்குப் போன் போடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் குழாய் வெடித்துவிடும். பக்கத்தில் ஓலைக்கூரை இருந்தால் தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். தானே அணைந்துவிட்டாலும் குழாயைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது.

அடுப்பு வெடித்திருக்கிறது

தலைமுடி மாதிரிக் கீறல் ஒன்றும் செய்யாது, மெழுகினால் போய்விடும். விரல் நகம் நுழைகிற வெடிப்பென்றால் அடைக்க வேண்டும். பெரும்பாலும் இது நாமே வரவழைத்துக்கொள்வது: எரிகிற கட்டையை அடுப்புக்குள்ளேயே தண்ணீர் தெளித்து அணைப்பது. சூடான மண்ணில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்காமல் என்ன செய்யும். கட்டையை இடுக்கியால் எடுத்து வெளியே சாம்பலில் புதையுங்கள், கங்கை மூடியுள்ள மண்பானையில் போட்டு மூடினால் கரியும் கிடைக்கும். வாரின சாம்பலை ஒரு நாள் இரும்புச் சட்டியில் வைத்திருந்துவிட்டுக் குப்பையில் கொட்டுங்கள், உள்ளே கங்கு ராத்திரி முழுக்க உயிரோடு இருக்கும்.

அடைக்கச் சிமெண்ட் வேண்டாம், சூட்டில் மண்ணும் சிமெண்டும் வேறுவேறு அளவில் விரியும், மறுபடி பெயர்ந்து விழும். கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படிகிற களிமண்), மணல், உமி, இது போதும். கரம்பை மட்டும் தனியாக வைத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும், அதைத் தடுக்கத்தான் மணல். எவ்வளவு மணல் என்பது உங்கள் ஊர் மண்ணைப் பொறுத்தது, அதனால் மணல் கூட்டியும் குறைத்தும் மூன்று உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து, எது கீறல் விடாமலும் கையில் உதிராமலும் இருக்கிறதோ அந்த அளவை எடுங்கள். மண்ணை ராத்திரியே ஊறவைத்து மிதியுங்கள். வெடிப்பை ஆணியால் கொஞ்சம் அகலமாக்கி, தூசி தட்டி, ஈரத்துணியால் ஒற்றிவிட்டு அழுத்தி அடையுங்கள். இரண்டு நாள் நிழலில் காயட்டும். மூன்றாம் நாள் நாலு சிரட்டை மட்டும் வைத்துச் சின்னத் தீ காட்டுங்கள், சாயங்காலம் வெளிப்புறம் மட்டும் சாணி கரைத்து மெழுகிவிட்டு, நாலாம் நாள் சோற்றுப் பானையை ஏற்றலாம்.